குளிர்மலையில் விற்கப்படும் குளிர்ச்சி

கந்தப்பளையில் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத பொருள் ஒன்று உண்டென்றால், அது குளிர்ச்சிதான். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, நண்பகலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மனம் வராத ஊர் இது. ஆயினும் சில காலமாக இங்கே குளிர்ச்சி போத்தலில் அடைத்து விற்கப்படுகிறது. மனிதர்களுக்கு அல்ல, வாகனங்களுக்கு. எஞ்சின் ஒயிலோடு ஒரு போத்தல் கலந்தால் போதுமாம். எஞ்சின் சூடு இருபது பாகை குறையுமாம், பெற்றோல் மிச்சமாகுமாம், தேய்மானம் நின்றுவிடுமாம், ஒயில் மாற்ற வேண்டிய காலமும் இரட்டிப்பாகுமாம். ஒலிபெருக்கி பூட்டிய வானில் வந்து இவ்வாறு முழங்குகிறவர்களையும், கராஜ் வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதை எழுதப் போவதில்லை. பெயர் ஆண்டுக்கு ஒன்றாக மாறும். வாக்குறுதி மட்டும் மாறுவதேயில்லை.

இதையெல்லாம் ஒரு பத்திரிகைக்காரன் எழுத வேண்டுமா, எஞ்சின் பாஸ்மார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். எஞ்சினைப் பற்றியது மட்டுமாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இது பணத்தைப் பற்றியது. யாருடைய பணம் என்பதைப் பற்றியது.

பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 இல் அது 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எத்தனை ஆர்ப்பாட்டங்கள், எத்தனை பேச்சுவார்த்தைகள், எத்தனை வர்த்தமானிகள் என்பதை மலையகத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்சொன்ன போத்தல் ஒன்றுக்குக் கேட்கப்படும் விலையோ, கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் இரண்டு மூன்று நாட் சம்பளம். வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் அந்தத் தாயின் மகன்தான். பார்க் தோட்டத்திலோ கொன்கோடியாவிலோ கோட்லொட்ஜிலோ லயத்தில் பிறந்து, மலையேறிக் கொழுந்து சுமக்க மறுத்து, லீசிங்கில் ஒரு முச்சக்கரவண்டி எடுத்தவர். அல்லது லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இரவோடிரவாகப் போய்வரும் லொறிச் சாரதி.

இவ்வூருக்கு வீதியை விட்டால் வேறு கதியில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு காலத்தில் ஒடுங்கிய இரயில் பாதை ஓடியது. 1904 இல் ராகலையை எட்டிய அப்பாதை 1940களில் மூடப்பட்டது. அன்று தொட்டு நோயாளியும் மாணவனும் மரக்கறி மூட்டையும் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் வீதியிலேயே போகிறார்கள். இங்கே வாகனம் நின்றால் வாழ்க்கை நிற்கும். அதிலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது, உதிரிப்பாகங்களின் விலை அதைவிட ஏறியது. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்தோம். புதியது வாங்க வழியில்லாதவன் பழையதைக் காப்பாற்றத் தவிக்கிறான். அந்தத் தவிப்பை மோப்பம் பிடித்துத்தான் போத்தல் மலையேறி வந்திருக்கிறது.

சரி, போத்தல் சொல்வது உண்மையாக இருந்தால்? உண்மையாயின் மூன்று நாட் சம்பளமல்ல, முப்பது நாட் சம்பளமும் கொடுக்கலாமே? ஆகவே அதையே பார்ப்போம்.

எஞ்சினின் சூடு எங்கிருந்து வருகிறது? இதற்கான விடையில்தான் முழு வியாபாரமும் தங்கியிருக்கிறது. விற்பவர் இரு உள்ளங்கைகளையும் தேய்த்துக் காட்டுகிறார். தேய்த்தால் சுடுகிறதல்லவா, எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான், எங்கள் திரவம் தேய்ப்பைக் குறைக்கும், ஆகவே சூடும் குறையும் என்கிறார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், எஞ்சினின் சூட்டில் மிகப்பெரும் பகுதி தேய்ப்பினால் வருவதல்ல. பெற்றோலும் டீசலும் எரிவதால் வருவது. எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. இன்னுமொரு மூன்றில் ஒன்றை நெருங்கிய பங்கு ரேடியேற்றர் வழியாகவும் எஞ்சின் உடல் வழியாகவும் காற்றில் கலக்கிறது. எஞ்சினுக்குள் உராய்வுக்குச் செலவாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஒரு பேச்சுக்கு, இந்தப் போத்தல் அந்த உராய்வில் பத்திலொன்றைக் குறைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படிக் குறைப்பதே பெரிய சாதனை. அப்போதும் மிச்சமாவது எரிபொருளின் சக்தியில் நூற்றில் ஒரு பங்குதான். நூற்றில் ஒன்று குறைந்ததனால் இருபது பாகை இறங்குமா? வீட்டு அடுப்பில் பத்து விறகு எரியும்போது ஒரு சுள்ளியை மாத்திரம் இழுத்துவிட்டு, உலை ஆறிவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். லொறியிலோ காரிலோ சாரதிக்கு முன்னாலிருக்கும் சூட்டுமானி காட்டுவது ஒயிலின் சூட்டையல்ல, எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீரின் சூட்டை. அந்தச் சூட்டை ஒரே அளவில் வைத்திருப்பதற்கென்றே தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு இருக்கிறது. 82 முதல் 90 பாகை அளவில் அது திறக்கும், குறைந்தால் மூடும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் மானியின் முள் எப்போதும் ஓரிடத்திலேயே நிற்க வேண்டும். போத்தல் ஊற்றியதும் முள் கீழே இறங்கிவிட்டது என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவருடைய தெர்மோஸ்டாட்டையும் மானியையும் ஒரு நல்ல பாஸிடம் காட்டச் சொல்லுங்கள்.

மலைநாட்டில் வாகனங்கள் சூடேறுவது உண்மை. அதற்குக் காரணங்களும் உண்டு. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 6,000 அடி உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. ரேடியேற்றர் மூடியிலுள்ள வில்லும் இறப்பர் வளையமும் சரியாக இருந்தால், உள்ளே அழுத்தம் கூடித் தண்ணீர் கொதியாமல் நிற்கும். வளையம் வெடித்திருந்தால், கம்பளையிலிருந்து றம்பொடை வழியாகச் சுமையோடு ஏறிவரும் லொறி வழியிலேயே ஆவி கக்கும். பீலித் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றித் துருவேறிய ரேடியேற்றர், தளர்ந்துபோன காற்றாடிப் பட்டி, ஏற்றத்தில் தாழ்ந்த கியருக்கு மாறாமல் எஞ்சினைத் திணறவிடும் பழக்கம் ஆகியன மற்றக் காரணங்கள். நம் வீதிகளில் ஓடும் முச்சக்கரவண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியேற்றரே இல்லை. எஞ்சினின் வெளிப்புறத்திலுள்ள தகட்டு மடிப்புகளில் காற்றுப் படுவதால்தான் அவை ஆறுகின்றன. தோட்டத்துப் பாதையின் சேறு அந்த மடிப்புகளில் அப்பியிருந்தால், உலகத்தின் எந்த ஒயிலும் அதைக் குளிரவைக்காது. ஒரு பழைய தூரிகையும் அரை மணி நேரமும் அதற்குப் போதும்.

அடுத்த கேள்வி. இந்தப் போத்தலில் உள்ளது அவ்வளவு சிறந்ததென்றால், ஒயில் தயாரிக்கிறவர்கள் ஏன் அதைத் தங்கள் ஒயிலிலேயே சேர்க்கவில்லை? உண்மையில், நாம் வாங்கும் தரமான எஞ்சின் ஒயில் வெறும் எண்ணெய் அல்ல. அழுக்கைக் கழுவவும், கழுவிய அழுக்கைப் படியவிடாமல் மிதக்கவைக்கவும், தேய்மானத்தைத் தடுக்கவும், சூட்டில் கெட்டுப்போகாமல் காக்கவும் பல சேர்மானங்கள் அதிலே ஏற்கெனவே கலக்கப்பட்டிருக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்கும் நாகம், பொஸ்பரஸ் சேர்மானம் 1940களிலிருந்தே பாவனையில் உள்ளது. எது எவ்வளவு என்பது நீண்ட எஞ்சின் சோதனைகளால் தீர்மானிக்கப்பட்ட கணக்கு. அதிலே தெரியாத திரவமொன்றைக் கூடுதலாக ஊற்றுவது, பதம் பார்த்து இறக்கிய குழம்பில் வழிப்போக்கன் வந்து ஒரு கரண்டி உப்பைப் போடுவது போன்றது.

பெரிய கம்பனிகள் எஞ்சின் பழுதாவதையே விரும்புகின்றன, அதனால்தான் இதை மறைக்கிறார்கள் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. இந்தச் சதிக்கதை கேட்பவருக்குத் தானும் இரகசியம் அறிந்தவன் என்ற பெருமையைத் தருவதால் நன்றாக விலைபோகிறது. ஆனால், எரிபொருட் சிக்கனச் சட்டங்களுக்கு அஞ்சி, நூற்றில் ஒன்று இரண்டு மிச்சப்படுத்துவதற்காகவே வாகனக் கம்பனிகள் மேலும் மேலும் மெல்லிய ஒயிலுக்கு மாறி வருகின்றன. அதற்காக எஞ்சின்களின் அமைப்பையே மாற்றுகின்றன. நூற்றில் ஒன்றுக்கு இவ்வளவு பாடுபடுகிறவர்கள், நூற்றில் இருபதைத் தரும் போத்தலைக் கண்டால் அதைக் கண்டுபிடித்தவரின் வாசலில் வரிசையில் நிற்க மாட்டார்களா?

இந்த வியாபாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் பதிவுகளில் அதைக் காணலாம். எஸ்.டி.பி. என்ற பெயர்பெற்ற ஒயில் சேர்மானம், விளம்பரங்களில் கூறியவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் 1978 இல் ஐந்து இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. அந்த விடயத்தைப் பத்திரிகைகளில் விளம்பரமாக வெளியிடவும் வேண்டியிருந்தது. 1995 இல் அதே பெயர் மீண்டும் ஆணைக்குழுவின் முன் வந்தது. 1990களில் டெஃப்லோன் கலந்ததென்று உலகெங்கும் விற்கப்பட்ட ஸ்லிக் 50 மீது 1996 இல் வழக்கு எழுந்தது. 1997 இல் இணக்கம் கண்டபோது, ஆதாரமில்லாமல் அத்தகைய கூற்றுகளை இனி வெளியிடுவதில்லை என்று உடன்பட வேண்டியதாயிற்று. டெஃப்லோனை உற்பத்தி செய்த டூபொன்ற் நிறுவனமோ, எஞ்சின் ஒயிலில் கலப்பதற்கு அது பயனுள்ளதல்ல என்று முன்னரே சொல்லியிருந்தது. பொருளைச் செய்தவரே வேண்டாம் என்கிறார், அதைப் போத்தலில் ஊற்றுகிறவர் வேண்டும் என்கிறார். ஸீமக்ஸ் என்ற இன்னொரு சேர்மானத்தின் மீது 2001 இல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு இன்னும் வேடிக்கையானது. அவர்கள் ஆதாரமாகக் காட்டிய சோதனையிலேயே, அச்சேர்மானம் கலந்தபோது பெயாரிங் அரிப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது என்றும், அறிக்கையைச் சுருக்கி வெளியிட்டபோது அந்தப் பகுதி நீக்கப்பட்டது என்றும் ஆணைக்குழு கூறியது. அவ்வழக்கு 2003 இல் இணக்கத்தில் முடிந்தது.

அமெரிக்காவில் தோற்றுப்போன அதே வித்தைகள்தான் இன்று நம்மூர்ச் சந்தையில் நடக்கின்றன. சுழலும் இரும்பு வளையமொன்றின் மேல் இன்னோர் இரும்புத் துண்டை நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதாரண ஒயிலில் இரும்பு கிறீச்சிட்டு நின்றுவிடும். இரண்டு துளி "அற்புதத்தை" விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சுழலும். கூட்டம் வாய்பிளக்கும். ஆனால் எஞ்சினுக்குள் பெயாரிங் அப்படி இயங்குவதில்லை. அங்கே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நின்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. குளோரின் சேர்ந்த சில இரசாயனங்கள் அந்த மேசை வித்தையில் பிரமாதமாக வெல்லும். அவையே எஞ்சினின் சூட்டிலும் ஈரத்திலும் அமிலமாகி உள்ளிருந்து அரிக்கவும் கூடும். மேசையின் மேல் வென்றது எஞ்சினுக்குள் வெல்லும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கண்ணெதிரே காட்டுகிறார்களே என்பவர்களுக்குத் தமிழகத்தின் இராமர் பிள்ளையை நினைவூட்ட விரும்புகிறேன். இராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த அவர், 1996 இல் மூலிகையைத் தண்ணீரில் இட்டுப் பெற்றோல் ஆக்கிவிட்டதாகக் கூறியபோது, இலங்கையிலும் தமிழ் நெஞ்சங்கள் விம்மின. தமிழன் கண்டுபிடித்தான், டில்லி தடுக்கிறது என்ற பேச்சே எங்கும் கேட்டது. அவரும் கண்ணெதிரேதான் செய்துகாட்டினார். ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டோடு சோதித்தபோது மூலிகை பெற்றோல் தரவில்லை. பின்னர் மத்திய புலனாய்வுத் துறை தொடுத்த வழக்கில், பெற்றோலியப் பொருள்களைக் கலந்தே மூலிகை எரிபொருள் என்று விற்கப்பட்டதாகக் கூறப்பட்டது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் வேறு சிலருக்கும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சந்தேகம் கேட்டவர்களெல்லாம் துரோகிகள் என்று இடைக்காலத்தில் ஏசப்பட்டார்களே, அந்த ஏச்சுகளை இன்று யார் திருப்பி எடுத்துக்கொள்வார்?

நமது நாடும் சளைத்ததல்ல. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கான பாணி என்று ஒரு மருந்து தயாரானபோது, ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அதை அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. பாணிக்கும் ஒயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். இரண்டிலும் ஆதாரம் என்று காட்டப்பட்டது ஒன்றேதான். "குடித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள்" என்றார்கள் அங்கே. "ஊற்றியவர்கள் நன்றாக ஓடுகிறார்கள்" என்கிறார்கள் இங்கே.

ஊற்றியவர்களின் சாட்சியத்தை நான் பொய் என்று தள்ளவில்லை. கந்தப்பளைச் சாரதிகள் பொய் சொல்கிறவர்கள் அல்லர். ஆனால், அவர்கள் போத்தலை எப்போது ஊற்றுகிறார்கள்? பழைய ஒயிலை வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய ஒயில் விடும்போது. கரிபிடித்த பழைய ஒயில் போய்ப் புதியது வந்தாலே எஞ்சின் மென்மையாக ஓடும், சத்தம் குறையும். புகழ் போத்தலுக்குப் போகிறது. மேலும், மூன்று நாட் சம்பளத்தை ஊற்றியவர் அடுத்த சில நாட்களுக்கு வண்டியைப் பக்குவமாகத்தான் ஓட்டுவார். மிச்சமான பெற்றோல் அந்தப் பக்குவத்தால் வந்ததா, போத்தலால் வந்ததா என்பதை ஒரு வண்டியை வைத்து எவராலும் சொல்ல முடியாது.

பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லையே என்பது கடைசி வாதம். பாதகம் உண்டு. மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிலும், முச்சக்கரவண்டிகள் பலவற்றிலும் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிப்பிடிப்பதற்கு உராய்வு வேண்டும். அதனாலேயே 1998 இல் ஜப்பானியர் இவ்வகை வாகனங்களின் ஒயிலுக்குத் தனியான தரக்குறியீடு ஒன்றை வகுத்தார்கள். உராய்வைக் குறைக்கிறேன் என்று வரும் திரவம் கிளச்சின் பிடியையும் குறைத்தால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராகலைப் பக்கத்து ஏற்றத்தில் நிற்கும் முச்சக்கரவண்டிக்கு என்ன ஆகும்?

அதைவிடப் பெரிய பாதகம் ஒன்றுண்டு. சூட்டுமானியின் முள் ஏறுவது ஒரு முறைப்பாடு. எங்கோ தண்ணீர் கசிகிறது, மூடி பழுது, காற்றாடி சுழலவில்லை என்று எஞ்சின் நமக்குச் சொல்கிறது. போத்தல் வாங்கியவர் அந்த முறைப்பாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டதாக எண்ணி நிம்மதியடைகிறார். ரேடியேற்றர் மூடிக்குப் போயிருக்க வேண்டிய காசு போத்தலுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் ஹெட் காஸ்கெட் எரிந்து, எஞ்சினை இறக்க வேண்டி வரும்போது விற்றவர் அந்த ஊரிலேயே இருக்க மாட்டார். லீசிங் தவணை மட்டும் திகதி தவறாமல் வந்து நிற்கும்.

ஆகவே சாரதித் தம்பிமாருக்குச் சில வார்த்தைகள். யாராவது போத்தலை நீட்டினால், முதலில் உங்கள் வாகனத்தோடு வந்த கைநூலைத் திறந்து பாருங்கள், அல்லது அதை வாசிக்கத் தெரிந்த பாஸைக் கேளுங்கள். அதில் சொல்லப்பட்ட தரமுள்ள ஒயிலை, சொல்லப்பட்ட காலத்தில், நம்பகமான கடையில், பற்றுச்சீட்டோடு வாங்கி ஊற்றுங்கள். விற்பவரிடம் கேளுங்கள்: சோதித்தது யார், எந்த எஞ்சினில், எத்தனை கிலோமீற்றர், முழு அறிக்கை எங்கே, எஞ்சின் பழுதானால் எழுத்தில் பொறுப்பேற்பீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் மேசையை மடித்துக்கொண்டு போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இல்லாமலில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம், 31 ஆம் பிரிவுகள், பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதையும் தடைசெய்கின்றன. 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். முறைப்பாடு வராத இடத்தில் அதிகாரிகளும் வர மாட்டார்கள். அச்சகத்துத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளம்பரதாரர் அனுப்பிய தாளைச் செய்திப் பக்கத்தில் அப்படியே போடாதீர்கள். விளம்பரம் என்றால் விளம்பரம் என்றே போடுங்கள்.

விற்பனையாளர்களுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். ஒரே வகையான ஆறு வண்டிகளை எடுப்போம். மூன்றில் உங்கள் திரவம், மூன்றில் நிறமூட்டிய சாதாரண ஒயில். எதில் எது என்பது ஓட்டுபவருக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. கந்தப்பளைக்கும் ராகலைக்கும் இடையில் ஒரு மாதம் ஓடட்டும். சூட்டையும் பெற்றோலையும் உங்களைச் சாராத ஒருவர் அளக்கட்டும், பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் தொலைவில் இல்லை. இருபது பாகை வேண்டாம், ஐந்து பாகை குறைந்தாலும் போதும், உங்கள் போத்தலின் பெயரோடு இதே இடத்தில் எழுதுகிறேன். அது வரையில், நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். வாங்குகிறவரின் எஞ்சின் உங்கள் பரிசோதனைக்கூடமல்ல, அவருடைய தாயின் மூன்று நாட் சம்பளம் உங்கள் ஆய்வுக்கான நிதியுமல்ல.